நினைவகத்திற்கு வேலியிட்டவர்: டாம் கில்பர்ன்

நாம் திறன்பேசியில் பாடல் கேட்டுக்கொண்டே நண்பருக்குச் செய்தி அனுப்புகிறோம். அதே வேளையில் வரைபடச் செயலி நமக்கு வழிகாட்டுகிறது. திடீரென அவற்றுள் ஒரு செயலி பழுதாகி நின்றுவிட்டாலும் மற்றவை பெரும்பாலும் நிற்பதில்லை. பாடல் தொடர்ந்து ஒலிக்கிறது. செய்தியும் உரியவரைச் சென்றடைகிறது. இதை நாம் இயல்பான ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால், இந்தப் பாதுகாப்பு தானாக வந்ததன்று. இயங்கும் செயலிகள் அனைத்தும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு செயலி தவறுதலாக மற்றொன்றின் இடத்தில் எதையாவது எழுதிவிட்டால் அந்த இரண்டாவது செயலி கெட்டுப்போகும். இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் மேல் எழுதிவிட்டால் கருவி முழுவதுமே செயலிழக்கும். இதனால்தான் நினைவகம் சிறுசிறு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டு, எந்தப் பக்கத்தை யார் படிக்கலாம், யார் அதில் எழுதலாம் என்னும் விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. இதனை நினைவகப் பாதுகாப்பு என்பர்.

இந்த ஒழுங்கைக் கணினிக்குள் முதன்முதலில் கட்டியெழுப்பிய முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டாம் கில்பர்ன். அவர் கட்டிய கணினிகள் இன்று ஓடவில்லை. எனினும், அவரும் அவருடைய குழுவினரும் எண்ணியவையும் எழுதி வைத்தவையும் நம் கைகளில் உள்ள கருவிகளில் இன்றும் வாழ்கின்றன.

இளமைக் காலம்

டாம் கில்பர்ன் 1921ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்சயர் வட்டாரத்தில் உள்ள டியூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். அது கம்பளி ஆலைகள் நிறைந்த தொழில் நகரம். அவருடைய தந்தையும் கம்பளி நிறுவனம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். எளிய குடும்பத்தில் பிறந்த கில்பர்னுக்குப் பள்ளிப் பருவத்திலேயே கணிதத்தின்மீது பேரார்வம் ஏற்பட்டது. அந்த ஆர்வமே அவருக்கு உதவித்தொகையையும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் இடத்தையும் பெற்றுத் தந்தது.

அவர் கல்லூரியில் சேர்ந்த 1940ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போர்க்காலத் தேவையால் படிப்புக்காலம் சுருக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் கணிதத்தில் சிறந்த தேர்ச்சி பெற்று வெளியேறிய கில்பர்ன், 1942இல் மின்னணுவியல் குறுகியகாலப் பயிற்சி ஒன்றைப் பெற்றார். பிறகு, மால்வர்ன் நகரில் இயங்கிய தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டார். ரேடார் கருவிகளை உருவாக்கும் இரகசியப் பணிகள் அங்கு நடைபெற்றன.

அங்கே அவர் பிரெடி வில்லியம்ஸ் என்னும் திறமைமிக்க பொறியியலாளரின் குழுவில் சேர்ந்தார். கில்பர்ன் கணிதம் படித்தவர். மின்சுற்றுகளைக் கையாண்ட அனுபவம் அவருக்கு மிகக் குறைவு. ஆயினும், தெரியாததைக் கற்றுக்கொள்ள அவர் தயங்கவில்லை. பழுதான சுற்றுகளைச் சரிசெய்வதிலும் புதியவற்றை வடிவமைப்பதிலும் விரைவில் தேர்ச்சி பெற்றார். போர் முடியும் தறுவாயில் வில்லியம்ஸ் முழுமையாக நம்பக்கூடிய துணைவராக அவர் விளங்கினார்.

மறக்கும் திரையை நினைவில் வைக்கச் செய்தல்

போர் முடிந்ததும் உலகின் சில ஆய்வுக்கூடங்களில் மின்னணுக் கணினிகளைப் பற்றிய சிந்தனை வேகம் பெற்றது. கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் சேமித்து, மின்னல் வேகத்தில் எடுத்துப் பயன்படுத்தும் இயந்திரம் ஒன்றை அறிஞர்கள் கனவு கண்டனர். ஆனால், அத்தகைய நினைவகம்தான் கிடைக்கவில்லை. கணக்கிடும் சுற்றுகளை அமைக்க வழி இருந்தது. கணக்கிட்டதை நினைவில் வைத்திருக்க நல்ல வழி இல்லை.

ரேடார் திரைகளுடன் பழகிய வில்லியம்சுக்கு அந்தத் திரையிலேயே விடை இருப்பதாகத் தோன்றியது. எதிர்மின் கதிர்க்குழாயின் திரையில் கதிர் விழும் இடத்தில் சிறிதளவு மின்னூட்டம் தங்குகிறது. அதனைக் கொண்டு சுழியத்தையும் ஒன்றையும் குறிக்கலாம். ஆனால், அந்த மின்னூட்டம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கசிந்து மறைந்துவிடும். வில்லியம்ஸ் இதற்குத் தீர்வு கண்டார். திரையின் முன்னால் ஓர் உலோகத் தகட்டை வைத்து, புள்ளி மறைவதற்குள் அதனைப் படித்து, படித்ததை அதே இடத்தில் மீண்டும் எழுத வேண்டும். இதனை இடைவிடாமல் செய்தால் மறக்கும் திரை மறக்காத நினைவகம் ஆகிவிடும். 1946ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரே ஒரு பிட் அவ்வாறு சேமிக்கப்பட்டது.

அந்த ஆண்டின் இறுதியில் வில்லியம்ஸ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். கில்பர்னும் அவருடன் மான்செஸ்டருக்குச் சென்றார். ஆனால், கில்பர்ன் இன்னும் ஆய்வு நிறுவனத்தின் ஊழியராகவே இருந்தார். மான்செஸ்டரில் பணிபுரிய அவருக்கு ஓராண்டு மட்டுமே அனுமதி வழங்கப்பட்டிருந்தது. அதற்குள் பயன் ஏதும் காட்டாவிட்டால் அவர் திரும்பிச் செல்ல நேரலாம். அப்படி நடந்தால் ஆய்வும் பாதியில் நின்றுபோகும்.

கில்பர்ன் அந்த ஓராண்டை வீணாக்கவில்லை. ஒரே ஒரு பிட்டைச் சேமித்த நிலையிலிருந்து ஒரு குழாயில் 2,048 பிட்டுகளைச் சேமிக்கும் நிலைக்கு முன்னேறினார். அதனோடு அவர் நின்றுவிடவில்லை. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் தம் ஆய்வு முழுவதையும் விளக்கி ஓர் அறிக்கை எழுதினார். திரையில் மின்னூட்டம் எவ்வாறு தங்குகிறது, அதனை எவ்வாறு புதுப்பிப்பது, அத்தகைய நினைவகத்தைக் கொண்டு கணினியை எவ்வாறு அமைக்கலாம் என்பனவற்றை அதில் படிப்படியாக விவரித்தார்.

அந்த அறிக்கை அவருடைய பணியைத் தொடரச் செய்தது. அதன் படிகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல ஆய்வாளர்களின் கைகளுக்குச் சென்றன. பிற்காலத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் 701 கணினி உட்பட பல இயந்திரங்கள் இத்தகைய குழாய்களையே நினைவகமாகப் பயன்படுத்தின. தெளிவாக எழுதப்பட்ட ஓர் ஆவணம் கண்டுபிடிப்பைக் கடல் கடந்தும் கொண்டுசெல்லும் என்பதை இளம் கில்பர்ன் தம் அனுபவத்திலேயே கண்டார்.

52 நிமிடங்கள்

நினைவகம் உண்மையில் பயன்படுமா என்பதைச் சோதிக்க ஒரு கணினியே தேவைப்பட்டது. கில்பர்ன், வில்லியம்ஸ், ஜெப் டூட்டில் ஆகியோர் சிறிய சோதனை இயந்திரம் ஒன்றை உருவாக்கினர். பின்னாளில் அது மான்செஸ்டர் ‘பேபி’ என்று அன்புடன் அழைக்கப்பட்டது. அதன் முதன்மை நினைவகத்தில் 32 வரிகள் மட்டுமே இருந்தன. ஒவ்வொரு வரியிலும் 32 பிட்டுகள் இருந்தன. அதனால் கழிக்க முடியும். கூட்டலுக்கெனத் தனிச்சுற்றுகூட அதில் இல்லை.

கில்பர்ன் அதற்காக 17 கட்டளைகள் கொண்ட ஒரு நிரலை எழுதினார். பதினெட்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் கிடைக்கும் எண் 262,144. அந்த எண்ணைத் தவிர்த்து, அதனை மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே கேள்வி. விடை 131,072 என்பது மனத்தாலேயே கணக்கிடக்கூடியதுதான். ஆனால், இயந்திரம் ஒவ்வோர் எண்ணாகக் கீழிறங்கி, மீண்டும் மீண்டும் கழித்துப் பார்த்தே அதனைக் கண்டறிய வேண்டும். நினைவகம் நீண்ட நேரம் தவறின்றி இயங்குகிறதா என்பதைச் சோதிக்கவே கில்பர்ன் இத்தகைய நெடிய வழியைத் தேர்ந்தெடுத்தார்.

1948ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், திங்கட்கிழமை, அந்த நிரல் வெற்றிகரமாக ஓடியது. இயந்திரம் 52 நிமிடங்களில் ஏறக்குறைய 35 இலட்சம் செயல்களைச் செய்து முடித்தது. திரையில் சரியான விடை ஒளிர்ந்தது. மின்னணு நினைவகத்தில் சேமிக்கப்பட்ட ஒரு நிரலை ஒரு கணினி இயக்கியது அதுவே முதன்முறை. அப்போது கில்பர்னுக்கு வயது 26.

எழுதவும் அழிக்கவும் வல்ல நினைவகத்தின் சிக்கல்

இந்த வெற்றியின் உள்ளேயே ஒரு சிக்கலும் மறைந்திருந்தது. பேபியின் நினைவகத்தில் கட்டளைகளும் எண்களும் அருகருகே இருந்தன. பார்ப்பதற்கு இரண்டும் சுழியமும் ஒன்றுமாகவே இருக்கும். எனவே, ஒரு நிரல் தன் கட்டளைகளின் மேலேயே எண்ணை எழுதிவிட முடியும். அவ்வாறு எழுதினால் அடுத்த கணம் இயந்திரம் பொருளற்ற கட்டளையை நிறைவேற்ற முயலும். வேலியே பயிரை மேய்ந்த கதையாக நிரல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.

விந்தை என்னவென்றால், அக்காலத்து நிரலர்கள் சில வேளைகளில் வேண்டுமென்றே இவ்வாறு செய்தனர். நூறு எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்ட வேண்டுமானால், கூட்டும் கட்டளையில் உள்ள முகவரியை ஒவ்வொரு முறையும் திருத்தி எழுதினர். இதில் சிறு பிழை நேர்ந்தாலும் நிரல் பாழாகிவிடும்.

மான்செஸ்டர் குழுவினர் இதற்கு ஒரு நல்ல தீர்வைக் கண்டனர். ‘பி-குழாய்’ என்னும் தனி நினைவுக் குழாயை 1949இல் தங்கள் அடுத்த கணினியில் சேர்த்தனர். கட்டளை நிறைவேறும் நேரத்தில் அந்தக் குழாயில் உள்ள எண் கட்டளையின் முகவரியோடு கூட்டிக்கொள்ளப்படும். நினைவகத்தில் உள்ள மூலக்கட்டளையோ மாறாமல் அப்படியே இருக்கும். கட்டளைகளைத் திருத்த வேண்டிய தேவை இவ்வாறு குறைந்தது. கட்டளைகள் மாறத் தேவையில்லை என்றால் அவற்றை மாற்ற முடியாத இடத்தில் வைத்துக் காக்கவும் இயலும் அல்லவா? பிற்காலப் பாதுகாப்பு முறைகளுக்கு இது வழிதிறந்தது.

மான்செஸ்டர் கணினியை அடிப்படையாகக் கொண்டு பெரான்டி நிறுவனம் உருவாக்கிய கணினி 1951இல் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தது. விற்பனைக்கென உருவாக்கப்பட்ட உலகின் முதல் கணினிகளுள் அதுவும் ஒன்று. வில்லியம்ஸ் பிற துறைகளில் கவனம் செலுத்தத் தொடங்கியதால் கணினிக் குழுவின் தலைமை கில்பர்னிடம் வந்தது. அவருடைய குழுவினர் 1953இல் டிரான்சிஸ்டரால் இயங்கும் சோதனைக் கணினியையும் உருவாக்கினர்.

அட்லஸ்: ஒரு கணினி, பல பயனர்கள்

1956ஆம் ஆண்டில் கில்பர்ன் மிகப் பெரிய முயற்சி ஒன்றைத் தொடங்கினார். ஒரு நொடியில் ஏறத்தாழ பத்து இலட்சம் கட்டளைகளை நிறைவேற்றும் கணினியை உருவாக்குவதே அவருடைய இலக்கு. 1959இல் பெரான்டி நிறுவனமும் இம்முயற்சியில் இணைந்தது. அந்தக் கணினிக்கு அட்லஸ் என்று பெயர் சூட்டப்பட்டது.

வேகத்தைக் கூட்டுவது மட்டும் போதாது என்பதைக் கில்பர்ன் உணர்ந்திருந்தார். கணினி மின்னல் வேகத்தில் கணக்கிட்டாலும் அச்சுப்பொறியும் நாடாப் படிப்பானும் மெதுவாகவே இயங்கும். ஒரு நிரல் அச்சிட்டு முடிக்கும்வரை விலைமதிப்பற்ற கணினி வெறுமனே காத்திருக்கும். அந்த இடைவெளியில் வேறொரு நிரலை ஓடவிடலாம். ஆனால், பல நிரல்கள் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருந்தால், ஒன்று மற்றொன்றின் இடத்தில் எழுதிவிடும் ஆபத்து உண்டு. ஒருவர் பல நாள் உழைத்து எழுதிய நிரலை, முன்பின் அறியாத இன்னொருவரின் சிறு பிழை ஒரு நொடியில் அழித்துவிடக்கூடும். பயனர்கள் அனைவரும் கவனமாக இருப்பார்கள் என்று நம்பி ஒரு கணினியை வடிவமைக்க முடியாது. பாதுகாப்பு இயந்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

இன்னொரு சிக்கலும் இருந்தது. விரைவாக இயங்கும் காந்த வளைய நினைவகம் விலை உயர்ந்தது. சுழலும் காந்த உருளை மலிவானது. ஆனால், ஆயிரம் மடங்குக்கும் மேல் மெதுவானது. மான்செஸ்டர் அட்லசில் வளைய நினைவகம் 16,384 சொற்களையும் காந்த உருளைகள் ஏறக்குறைய 98,000 சொற்களையும் கொண்டிருந்தன. எதை எங்கே வைப்பது, எப்போது இடம் மாற்றுவது என்பதை அதுவரை நிரலரே கவனித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கில்பர்ன் குழுவினர் இவ்விரண்டு சிக்கல்களுக்கும் ஒரே அமைப்பில் விடை கண்டனர். நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்தனர். வளைய நினைவகத்தில் 32 பக்கங்களுக்கு இடம் இருந்தது. ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு பதிவகம் இருந்தது. இப்போது இந்த இடத்தில் இருப்பது எந்தப் பக்கம் என்பதை அது காட்டும்.

இதனைப் பள்ளி நூலகத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். நூலகத்தில் 32 வாசிப்பு மேசைகள் உள்ளன. ஒரு மேசையில் ஒரு நூலை மட்டுமே வைக்கலாம். மற்ற நூல்கள் கிடங்கில் உள்ளன. மாணவர் ஒரு நூலைக் கேட்கும்போது அது மேசையில் இருந்தால் உடனே படிக்கலாம். இல்லையென்றால் நூலகர் கிடங்கிலிருந்து எடுத்து வருவார். மேசை காலியாக இல்லாவிட்டால், அண்மையில் யாரும் அவ்வளவாகத் தொடாத நூலைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்புவார். மாணவருக்கோ நூல்கள் எல்லாமே மேசையில் இருப்பது போன்ற உணர்வு ஏற்படும். அட்லசில் அந்த நூலகரின் வேலையை ‘சூப்பர்வைசர்’ என்னும் மேற்பார்வை நிரல் செய்தது. இன்றைய இயங்குதளங்களுக்கு அதுவே முன்னோடி. சிறிய நினைவகத்தைப் பெரியதாகக் காட்டும் இம்முறை இன்று மெய்நிகர் நினைவகம் எனப்படுகிறது.

பூட்டும் பிட்

அட்லசின் ஒவ்வொரு பக்கப் பதிவகத்திலும் கூடுதலாக ஒரே ஒரு பிட் சேர்க்கப்பட்டிருந்தது. அதற்குப் பூட்டும் பிட் என்று பெயர். நம் நூலகத்தில் மேசைமீது வைக்கப்படும் சிவப்பு அட்டையைப் போன்றது அது. அட்டை இருக்கும்வரை அந்த நூலை மாணவர் எவரும் தொடக்கூடாது. நூலகர் கிடங்கிலிருந்து நூலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருக்கும்போது அந்த அட்டை தேவைப்படும். ஒரு மாணவர் சற்றே வெளியே சென்றிருக்கும்போது அவருடைய நூலில் வேறொருவர் கிறுக்காமல் இருப்பதற்கும் அதுவே காவல்.

அட்லசிலும் அவ்வாறே நடந்தது. ஒரு நிரலை நிறுத்தி மற்றொன்றை இயக்கும்போது முதல் நிரலின் பக்கங்கள் பூட்டப்பட்டன. பூட்டிய பக்கத்தை இயங்கும் நிரல் அணுக முயன்றால் வன்பொருள் உடனே அதனைத் தடுத்து நிறுத்தும். கட்டுப்பாடு மேற்பார்வை நிரலிடம் செல்லும். பிழை செய்த நிரல் மட்டுமே நிற்கும். மற்றவர் உழைப்பு காப்பாற்றப்படும்.

மேற்பார்வை நிரலுக்கும் பாதுகாப்பு தேவைப்பட்டது. அதற்கெனத் தனி நினைவகம் ஒதுக்கப்பட்டது. சாதாரண நிரல்களால் அதனை அணுகவே முடியாது. அதன் முதன்மையான நடைமுறைகள் ‘நிலையான நினைவகம்’ என்னும் பகுதியில் வைக்கப்பட்டன. அது நெய்யப்பட்ட கம்பி வலையால் ஆனது. வலையின் கண்களில் சிறு காந்தக் குச்சிகளைச் செருகியே அதில் தகவல் பதிக்கப்பட்டது. குச்சியைக் கையால் மாற்றினால்தான் அதில் உள்ளது மாறும். எந்த நிரலாலும், ஏன், மேற்பார்வை நிரலாலும்கூட அதில் எழுத முடியாது. எழுத்துத் தடையின் மிக உறுதியான வடிவம் அது.

காவலரையும் கட்டுப்படுத்தும் ஒரு பூட்டு வேண்டும் என்பது ஆழ்ந்த சிந்தனை. இது பிற்காலத்தில் மறக்கப்பட்டு மீண்டும் நினைவுகூரப்பட்டதும் உண்டு. 1985இல் வெளிவந்த இன்டெல் 80386 செயலியில், படிக்க மட்டும் உரிய பக்கத்தில் சாதாரண நிரல் எழுத முயன்றால் அது தடுக்கப்படும். ஆனால், கெர்னலுக்கு அத்தடை இல்லை. 1989இல் வந்த 80486 செயலியில் கெர்னலுக்கும் அத்தடையை விதிக்கும் தனி பிட் ஒன்று சேர்க்கப்பட்டது. இன்றைய கெர்னல்கள் தங்கள் சொந்தக் கட்டளைகள் உள்ள பக்கங்களையே எழுத முடியாதவையாகக் குறித்துவைக்கின்றன. தன் தவறிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை இது.

எழுதி வைத்த அறிவு

அட்லஸ் 1962ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் மான்செஸ்டரில் அதிகாரப்பூர்வமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. அவ்வேளையில் உலகின் மிக ஆற்றல்வாய்ந்த கணினிகளுள் ஒன்றாக அது விளங்கியது. எனினும், முதல் வகை அட்லஸ் கணினிகள் மூன்று மட்டுமே கட்டப்பட்டன. மான்செஸ்டர் அட்லஸ் 1971இல் நிறுத்தப்பட்டது. இயந்திரத்தோடு அறிவும் மறைந்திருந்தால் பிறர் அனைத்தையும் முதலிலிருந்தே கண்டுபிடிக்க நேர்ந்திருக்கும்.

அவ்வாறு நேராததற்குக் காரணம் கில்பர்ன் குழுவினரின் ஆவணங்கள். பெய்ன், ஹோவர்த் ஆகியோருடன் இணைந்து மேற்பார்வை நிரலைப் பற்றிய கட்டுரையை அவர் 1961இல் வெளியிட்டார். எட்வர்ட்ஸ், லானிகன், சம்னர் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய நினைவக அமைப்பைப் பற்றிய கட்டுரை 1962இல் வெளிவந்தது. பூட்டும் பிட் எங்கே இருக்கிறது, எப்போது இடப்படுகிறது, தடை ஏற்பட்டால் கட்டுப்பாடு எங்கே செல்கிறது, சாதாரண நிரலுக்கு எந்தப் பகுதி மூடப்பட்டுள்ளது என்பனவற்றை அவர்கள் ஒளிவுமறைவின்றி விளக்கினர்.

நினைவகப் பாதுகாப்பில் ஆவணம் மிக இன்றியமையாதது. பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் கதவு திறக்காததைக் கண்டு குழம்புவார். பூட்டு இல்லாத இடத்தில் இருப்பதாக எண்ணுபவர் ஏமாந்துபோவார். ஆகவேதான், இன்று கெர்னல்களை எழுதுவோரும் எந்தப் பக்கம் எப்போது பூட்டப்படுகிறது, எந்தப் பாதுகாப்பை எந்தச் செயலி ஆதரிக்கிறது என்பதைத் தெளிவாக எழுதி வைக்கின்றனர். பாதுகாப்பு எதுவரை என்பதையும் எங்கே முடிகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்வதே நல்ல ஆவணத்தின் இலக்கணம்.

கில்பர்ன் குழுவின் கட்டுரைகளைப் பல நாட்டுப் பொறியியலாளர்கள் படித்தனர். இயங்குதள வரலாற்றை எழுதிய பெர் பிரிஞ்ச் ஹான்சன் என்னும் அறிஞர் அட்லசின் மேற்பார்வை நிரலை அவ்வரலாற்றின் மிக முக்கியமான திருப்புமுனையாகக் கருதினார். அக்கட்டுரைகளில் கில்பர்னின் பெயர் தனித்து நிற்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். உடன் உழைத்தவர்களின் பெயர்களும் அவருடைய பெயருக்கு அருகில் இடம்பெற்றுள்ளன.

ஆசிரியரும் வழிகாட்டியும்

கணினி அறிவியல் என்பது அப்போது தனித்துறையாக வளர்ந்திருக்கவில்லை. 1964ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிரிட்டனின் முதல் கணினி அறிவியல் துறையைக் கில்பர்ன் நிறுவி, அதன் தலைவரானார். அடுத்த ஆண்டே அங்கு இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. அவருடைய தலைமையில் எம்யூ5 என்னும் அடுத்த கணினியும் உருவானது. அதன் கருத்துகள் பின்னர் ஐசிஎல் நிறுவனத்தின் 2900 வரிசைக் கணினிகளில் இடம்பெற்றன.

பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1965இல் அவர் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1978இல் அச்சங்கத்தின் இராயல் பதக்கத்தைப் பெற்றார். 1983இல் கணினிக் கட்டமைப்புத் துறையின் உயரிய விருதான எக்கர்ட்–மாக்லி விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஆயினும், அவர் அதிகம் பேசாதவர், விளம்பரத்தை விரும்பாதவர். ஓய்வு நேரத்தில் மான்செஸ்டர் யுனைடெட் காற்பந்துக் குழுவின் ஆட்டங்களை ஆர்வத்தோடு பார்ப்பவர். 1981ஆம் ஆண்டில் அவர் பணி ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் அவருடைய துணைவியார் ஐரீன் காலமானார்.

1998ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், பேபியின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு மான்செஸ்டரில் கொண்டாடப்பட்டது. பழைய இயந்திரம் எப்போதோ பிரிக்கப்பட்டுவிட்டது. ஆனால், ஆர்வலர்கள் எஞ்சியிருந்த குறிப்புகளையும் ஒளிப்படங்களையும் ஆராய்ந்து, அதே போன்ற இயந்திரத்தை மீண்டும் கட்டியெழுப்பியிருந்தனர். கில்பர்னும் டூட்டிலும் விழாவில் கலந்துகொண்டனர். எழுதி வைக்கப்பட்ட குறிப்புகளால் ஓர் இயந்திரம் மறுபிறவி எடுத்ததை அவர்கள் தம் கண்களால் கண்டனர். பல்கலைக்கழகத்தின் கணினித் துறைக் கட்டடத்திற்கும் கில்பர்னின் பெயர் சூட்டப்பட்டது.

2001ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், தமது 79ஆம் வயதில் டாம் கில்பர்ன் மான்செஸ்டரில் இயற்கை எய்தினார்.

மறையும் புள்ளிகளை நினைவகமாக்கும் முயற்சியில் தொடங்கியது அவருடைய பணி. சேமித்ததைப் பிறர் அழித்துவிடாமல் காக்கும் முறையை உருவாக்கியதில் அது முதிர்ச்சி பெற்றது. கண்டறிந்ததைத் தெளிவாக எழுதி, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்ததில் அது முழுமை அடைந்தது. பல செயலிகள் ஒன்றையொன்று கெடுக்காமல் நம் திறன்பேசியில் இயங்கும் ஒவ்வொரு கணமும் அவருடைய உழைப்பின் பயனை நாம் நுகர்கிறோம். பிறர் உழைப்பைக் காப்பதும் நாம் அறிந்ததைப் பிறருக்கு விளங்க எழுதி வைப்பதும் அறிவியலாளருக்கு மட்டுமன்றி, நம் அனைவருக்கும் உரிய கடமைகள் ஆகும்.